டியூப்ல நிக்காத மண்ணு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பஸ்ல ஏறினப்புறம் இயர்போன் வீட்டுல இருக்குன்னு ஞாபகம் வந்தவங்களுக்காக. பேச்சுல வந்த தடுமாற்றங்களையும், நடுவுல குறுக்கிட்ட குக்கர் விசிலையும் எடுத்தாச்சு. மற்றபடி பேசினது பேசினபடிதான்.)

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல ஒருத்தர் கேட்டிருந்தார்: "நீங்க சிவில் படிச்சவர்னு சொல்றீங்க, ஆனா ஒரு எபிசோடுலகூட சிவில் பத்திப் பேசினதே இல்லையே, ஏன்?" நியாயமான கேள்வி. ஊருக்கே தெரிஞ்ச பதில் ஒண்ணு இருக்கு: கேம்பஸ் இன்டர்வியூ வந்துச்சு, ஐ.டி. கம்பெனி எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான். ஆனா பேசாம இருந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

விஷயம் இதுதான். பூமியில ஒரு துளை போட்டு, உள்ளே இருக்கிற கெட்டியான பாறையை வெளியே எடுக்கிறது ஓரளவுக்குச் சுலபம். உள்ளே இருக்கிறது சேறு மாதிரி, கூழ் மாதிரி, கிட்டத்தட்ட தண்ணி மாதிரி இருந்தா? அதை எப்படி உருக்குலையாம மேலே கொண்டு வர்றது? கேக்கறதுக்கு ரொம்பச் சின்னக் கேள்வி. இதுக்காக நூறு வருஷமா மனுஷங்க மண்டையை உடைச்சுக்கிட்டிருக்காங்க. நானும் ஒரு நாள் உடைச்சுக்கிட்டேன். உடைச்சுக்கிட்டதோட நிக்கல, ஒரு பொய்யும் எழுதினேன்.

எண்ணூர் பக்கம், மே மாசம்

மூணாவது வருஷம் முடிஞ்ச லீவு. இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு சின்ன மண் பரிசோதனை நிறுவனத்துல சேர்ந்தேன். சைட் எண்ணூர் பக்கம். கத்திரி வெயில், உப்புக் காத்து, ஒரு முக்காலி, ஒரு வின்ச், ஒரு டீசல் இன்ஜின். அங்க ஒரு கிடங்கும், பக்கத்துலயே ரெண்டு மாடி ஆபீஸும் வரப் போகுது. அதுக்கு முன்னாடி நாலு இடத்துல துளை போட்டு, கீழே என்ன மண் இருக்குன்னு பார்க்கணும். என் வேலை, ஒவ்வொரு ஆழத்துலயும் என்ன வந்துச்சுன்னு பதிவுத்தாள்ல எழுதி, கீழே இனிஷியல் போடறது.

மண்ணோட பலத்தைப் பார்க்க முதல்ல பண்றது எஸ்.பி.டி. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து விடுவாங்க. துளைக்குள்ள இறக்கின கம்பியோட தலையில அது விழும். கம்பி நுனியில இருக்கிற குழாய் மண்ணுக்குள்ள 45 சென்டிமீட்டர் இறங்கணும். முதல் 15-ஐ விட்டுட்டு, மீதி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆச்சோ, அதுதான் என் மதிப்பு. இங்க "என்"ங்கிறது ஆங்கில எழுத்து, என்னோட மதிப்பு இல்ல; என்னோட மதிப்பு எவ்வளவுன்னு கொஞ்ச நேரத்துல உங்களுக்கே தெரிஞ்சிடும்.

முதல் ரெண்டு துளையிலயும் நாலரை மீட்டர் ஆழத்துல நாலு அடி, அஞ்சு அடின்னு வந்துச்சு. மென்மையான களிமண், கடலோரத்துல எதிர்பார்க்கிறதுதான். மூணாவது துளை இருபத்தஞ்சு மீட்டர் தள்ளி, கொஞ்சம் தாழ்வான இடத்துல. அங்க நாலரை மீட்டர்ல சுத்தியலைக் கம்பி மேல மெதுவா வெச்சதுமே கம்பி பாட்டுக்கு இறங்கிடுச்சு. ஒரு அடிகூட அடிக்கல. 45 சென்டிமீட்டரும் உள்ளே போயிடுச்சு.

டிரில்லர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஐம்பது வயசு இருக்கும். "தம்பி, இதுக்கு யூ.டி.எஸ். எடுத்தே ஆகணும்"னார்.

காலி டியூப்

யூ.டி.எஸ்.னா குலையாத மண் சாம்பிள். எஸ்.பி.டி. குழாய்ல வர்ற மண்ணை வெச்சு அது களிமண்ணா மணலான்னு சொல்லலாம், அதுக்கு மேல நம்ப முடியாது. ஏன்னா அந்தக் குழாய் தடிமனானது. வெளி விட்டம் சுமார் 51 மில்லிமீட்டர், உள் விட்டம் 35. கணக்குப் போட்டா, உள்ளே வர்ற மண்ணோட பரப்பை விட, குழாயோட சுவர் தள்ளிவிடற மண்ணோட பரப்பு அதிகம். நூறு சதவீதத்தையும் தாண்டுது.

வீட்டுல நல்லா உறைஞ்ச கெட்டித் தயிர் இருக்குன்னு வெச்சுக்கங்க. அதுல தடிமனான மரக்கரண்டியை விட்டு எடுத்தா என்ன ஆகும்? உடைஞ்சு, தண்ணி விட்டு, பாதி மோராயிடும். மெல்லிசான விளிம்பு இருக்கிற ஒரு டம்ளரைக் கவுத்து மெதுவா அழுத்தினா, உள்ளே மாட்டுற தயிர் கிட்டத்தட்ட உறைஞ்சபடியே இருக்கும். அதனாலதான் குலையாத சாம்பிளுக்கு மெல்லிய சுவர் டியூப். அதுல அந்த விகிதம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கணும்ங்கறது பொதுவான விதி. எங்ககிட்ட இருந்தது 100 மில்லிமீட்டர் விட்டம், 45 சென்டிமீட்டர் நீளம்.

அதை இறக்கினோம், அழுத்தினோம், மேலே தூக்கினோம். காலி. உள் சுவர்ல சாம்பல் நிறத்துல ஒரு பூச்சு மட்டும் இருந்துச்சு, பாயசம் குடிச்சு முடிச்ச டம்ளர் மாதிரி. திரும்ப இறக்கினோம், காலி. மூணாவது தடவை ஒரு கைப்பிடி சேறு வந்துச்சு, அதுவும் தரைக்கு வந்ததும் நழுவிக் கீழே விழுந்துடுச்சு.

அப்போ மணி அஞ்சரை. சைட் இன்ஜினியருக்குப் போன் பண்ணேன். அவர் வேற சைட்ல இருந்தார். மறுநாளோட ரிக்கை அனுப்பிடணும்ங்கற அவசரம் அவருக்கு. "பக்கத்து போர்ல நாலரை மீட்டருக்கு என்ன போட்டிருக்கியோ அதையே இதுலயும் போட்டுடு. இருபத்தஞ்சு மீட்டர்ல மண்ணு என்ன மாறிடப் போகுது?"

போட்டேன். "சாம்பல் நிறக் களிமண், என் மதிப்பு 4." கீழே என் இனிஷியல். யாரும் என் கையைப் பிடிச்சு எழுத வைக்கல. தாள்ல ஒரு காலிக் கட்டம் இருந்துச்சு, அது காலியா இருக்கிறது எனக்கு உறுத்தலா இருந்துச்சு, நிரப்பினதும் நிம்மதியா இருந்துச்சு. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வருவேன்.

டிரில்லர் அண்ணன் தாளைப் பார்த்தார். அவர் இங்கிலீஷ் படிப்பாரான்னு அதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல. படிச்சார். பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்:

"தம்பி, டியூப்லயே நிக்கமாட்டேங்குற மண்ணு, கட்டடத்தை எப்படி நிக்க வைக்கும்?"

இளநீர் ஸ்ட்ரா

சாம்பிள் ஏன் விழுந்துச்சுன்னு பார்ப்போம். இளநீர் குடிக்கும்போது சின்னப் பசங்க பண்ணுவாங்களே, ஸ்ட்ராவோட மேல் வாயைக் கட்டை விரலால மூடிட்டு வெளியே எடுப்பாங்க. இளநீர் உள்ளேயே நிக்கும். விரலை எடுத்தா கொட்டிடும். மேலே காத்து உள்ளே போக வழியில்லாத வரைக்கும், கீழேயிருந்து வளிமண்டல அழுத்தம் தாங்கிப் பிடிக்குது.

மண் டியூப்லயும் இதே கதைதான். டியூப்போட தலையில ஒரு சின்னக் குண்டு வால்வு இருக்கும். டியூப் இறங்கும்போது உள்ளே இருக்கிற தண்ணி மேலே போக வழி விடும். தூக்கும்போது குண்டு உக்காந்து வழியை அடைச்சிடும். அதுதான் நம்ம கட்டை விரல்.

அடைக்கலேன்னா? கம்பிக்குள்ள நிக்கிற தண்ணி மொத்தமும் சாம்பிளோட தலையில அழுத்தும். மூணு மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா, 100 மில்லிமீட்டர் டியூப்ல அது ஏறத்தாழ 23 கிலோ எடைக்குச் சமம். உள்ளே இருக்கிற மண்ணே அஞ்சு கிலோதான். கெட்டியான களிமண்ணா இருந்தா சுவரைப் பிடிச்சுக்கிட்டுத் தாங்கும். கூழ் எதைப் பிடிச்சுக்கும்?

கீழேயும் ஒரு எதிரி இருக்கு. டியூப்பை வேகமாத் தூக்கினா அடியில வெற்றிடம் உருவாகி, மண்ணைக் கீழ்நோக்கி உறிஞ்சும். சேத்துல மாட்டின காலை வெடுக்குன்னு இழுத்தா செருப்பு உள்ளேயே தங்கிடுது பாருங்க, அதே காரணம்தான்.

மறுநாள் காலை

மறுநாள் ஏழு மணிக்கு நான் சைட்டுக்குப் போனப்போ, அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தார். ரிக்கைக் கழட்டியிருப்பார்னு நினைச்சேன். கழட்டல. மூணாவது துளைக்கு ஒன்றரை மீட்டர் தள்ளிப் புதுசா ஒரு துளை போட்டு, நாலேகால் மீட்டர் வரைக்கும் இறக்கி வெச்சிருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லல. அந்தத் துளைக்குத் தனியா காசும் கிடையாது.

டியூப்போட தலையைக் கழட்டி ஒரு தகர டப்பா தண்ணியில போட்டிருந்தார். அந்தக் குண்டைக் கையில எடுத்துக் காட்டினார். குண்டு உக்கார்ற இடத்துல மணல் பருக்கை ரெண்டு மூணு மாட்டியிருந்துச்சு. முந்தின நாள் அந்த வால்வு மூடவே இல்ல. கட்டை விரல் இல்லாம ஸ்ட்ராவைத் தூக்கிக்கிட்டிருந்திருக்கோம்.

அப்புறம் அவர் செஞ்சதை வரிசையாச் சொல்றேன். துளையை பென்டோனைட் கரைசலால வாய் வரைக்கும் நிரப்பினார், அடி மண் பொங்கி மேலே வராம இருக்க. அடியில தங்கின கசடைச் சுத்தம் பண்ணினார். டியூப்பை இறக்கி, அடிக்காம, ஒரே சீரா அழுத்தினார். முழு 45-க்கும் இறக்காம 40-லயே நிறுத்தினார். இடமில்லாம அழுத்தினா மண்ணு நசுங்கும் இல்லையா.

அப்புறம் உக்காந்துட்டார்.

"என்னண்ணா, தூக்கலையா?"

"இரு. அது டியூப்பைப் பிடிச்சுக்கட்டும்."

பதினஞ்சு நிமிஷம். எனக்கு அது அரை நாள் மாதிரி இருந்துச்சு. உள்ளே போன களிமண் கலைஞ்சு போயிருக்கும். கொஞ்ச நேரம் விட்டா சுவரோட ஒட்டிக்கும். அதுக்கப்புறம் கம்பியை ரெண்டு சுத்து சுத்தினார், அடியில மண்ணு அறுபட. வின்ச்சை நகர்றதே தெரியாத அளவுக்கு மெதுவா இயக்கினார். டியூப்போட அடி துளை வாய்க்கு வந்ததும் கையால பொத்தினார்.

36 சென்டிமீட்டர். நாப்பதுக்கு முப்பத்தாறு. விரலால தொட்டா குழி விழுந்து அப்படியே நின்னுச்சு, சாம்பல் நிறம், நடுவுல சின்னச் சின்னக் கிளிஞ்சல்.

ரெண்டு பக்கமும் மெழுகு ஊத்தி அடைச்சோம். லேபுக்கு டாடா ஏஸ்ல போனப்போ, அந்த டியூப்பை நிமிர்த்தின வாக்குல மடியில வெச்சுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையோட ஒவ்வொரு பள்ளத்தையும் என் முதுகு வாங்கிக்கிச்சு.

வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி அண்ணன் கேட்டது இதுதான்: "இப்ப எதை எழுதப் போற?"

முந்தின நாள் எழுதின வரியை ஒரே கோட்டால அடிச்சேன், படிக்கிற மாதிரி. பக்கத்துல "சுத்தியல் எடையிலேயே இறங்கியது, மூன்று முறை சாம்பிள் வரவில்லை, நான்காவது, 1.5 மீட்டர் தள்ளி, 36 சென்டிமீட்டர்"னு எழுதி, தேதி போட்டு, இனிஷியல் போட்டேன். சைட் இன்ஜினியர்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்படல.

லேப் முடிவு வந்துச்சு. பக்கத்துத் துளை மண்ணோட வெட்டு வலிமை 28 கிலோபாஸ்கல். இதுக்கு 11. மேலோட்டமான ஒரு கணக்கு இருக்கு: களிமண்ணோட வலிமையை 5.14-ஆல பெருக்கி, பாதுகாப்புக்காக 3-ஆல வகுக்கணும். முதல் மண்ணு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 4.8 டன் தாங்கும். ரெண்டாவது 1.9 டன். ஒரு மாடிக்குச் சுமார் ஒரு டன்னுக்கு மேல வெச்சா, ரெண்டு மாடி ஆபீஸோட கதை அங்கேயே முடிஞ்சிடுது. ஒரு காலத்துல அந்த இடத்துல ஓடை ஏதோ ஓடி, பின்னாடி சேறு நிரம்பித் தூர்ந்திருக்கு. ஆபீஸ் பகுதிக்கு வடிவமைப்பை மாத்தி, பைல் போட்டாங்க.

என் தாள்ல "4"னு இருந்திருந்தா சாதாரண அஸ்திவாரம்தான் போட்டிருப்பாங்க.

நூறு வருஷத்துச் சேறு

இந்தக் கதைக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். நான் பட்ட பாட்டை எனக்கு முன்னாடியே ஸ்வீடன்காரங்க பட்டிருக்காங்க. அவங்க நாட்டுல ரயில் பாதைகள் நிறைய இடத்துல மென்மையான களிமண் மேல போகுது. கரைகள் சரிஞ்சுக்கிட்டே இருந்ததால, ஸ்வீடன் அரசு ரயில்வே ஒரு மண்ணியல் ஆணையம் அமைச்சுது. அந்த ஆணையம் வேலை செஞ்சுக்கிட்டிருக்கும்போதே, 1918 அக்டோபர் 1-ந் தேதி, யேட்டோங்கற இடத்துல கரை சரிஞ்சு ஒரு பயணிகள் ரயில் கவிழ்ந்து தீப்பிடிச்சுது. குறைஞ்சது 42 பேர் இறந்தாங்க. ஆணையத்தோட அறிக்கை 1922-ல வந்துச்சு. அதோட செயலாளரா இருந்த யூன் ஓல்சன்தான் 1920-கள்ல பிஸ்டன் சாம்பிளரை உருவாக்கினவர்.

பிஸ்டன் சாம்பிளர்னா, டியூப்புக்குள்ள ஒரு பிஸ்டன் இருக்கும். இறங்கும்போது அது டியூப்போட வாயை மூடியிருக்கும், வழியில இருக்கிற கசடு உள்ளே வராது. சரியான ஆழம் வந்ததும் பிஸ்டனை அசையாம நிறுத்தி, டியூப்பை மட்டும் கீழே தள்ளுவாங்க. பிஸ்டன் மண்ணோட தலையில ஒட்டினபடியே நிக்கும். நடுவுல காத்துக்கோ தண்ணிக்கோ இடமே கிடையாது. இது ஸ்ட்ரா மேல வெச்ச விரல் இல்ல, ஊசி மருந்து சிரிஞ்ச்.

ஸ்வீடன்லயே பெர்யே குல்லன்பெரிங்கறவர் இதே யோசனையைக் கடலுக்குக் கொண்டு போனார். 1947, 48-ல ஆல்பட்ராஸ் கப்பல் உலகம் சுத்தினப்போ, அவரோட பிஸ்டன் கருவி ஆழ்கடல் அடிச் சேத்துல இருபது மீட்டர் வரைக்கும் நீளமான சாம்பிள்களை எடுத்துச்சு. 1949-ல ஹ்வோர்ஸ்லெவ் எழுதின தடிமனான கையேடு ஒண்ணு அமெரிக்காவுல வந்துச்சு. குலையாத சாம்பிளுக்கான விகிதக் கணக்குகளை எல்லாம் அதுல பார்க்கலாம்.

இவ்வளவு கவனம் எதுக்குன்னா, சில களிமண்கள் கலக்கினாலே திரவமாயிடும். 1978 ஏப்ரல் 29, நார்வேல ரிஸ்ஸாங்கற ஊர். ஒரு பண்ணையில தோண்டின மண்ணை ஏரிக்கரையில கொட்டினாங்க. கரை கொஞ்சம் சரிஞ்சது. அடியில இருந்தது அந்த மாதிரிக் களிமண். கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சு, பண்ணை வீடுகளே மிதந்து ஏரிக்குள்ள போச்சு. அங்க இருந்தவங்க எடுத்த படம் இன்னிக்கும் கிடைக்குது, பாருங்க. நிலம் நடந்து போறதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட மண்ணை ஒரு டியூப்ல கலக்காம எடுக்கணும்னா, அந்தப் பதினஞ்சு நிமிஷப் பொறுமைக்கு என்ன விலைன்னு புரியும்.

பிஸ்டனுக்கும் மசியாத மண்ணு உண்டு. தண்ணியில ஊறின தளர்வான மணலை, ஜப்பான்ல சுத்தி இருக்கிற நிலத்தோட சேர்த்து திரவ நைட்ரஜனால உறைய வெச்சு, பனிக்கட்டித் தூணா வெட்டி எடுத்தாங்க. ஏரி அடியில இருக்கிற மேல்படலச் சேறு சூப் மாதிரி இருக்கும். அதுக்கு உலர்பனியும் ஆல்கஹாலும் நிரப்பின உலோகக் குழாயைக் குத்தி வெப்பாங்க, சேறு வெளிப்பக்கம் உறைஞ்சு ஒட்டிக்கிட்டு வரும், குல்ஃபி மாதிரி.

அதையும் தாண்டின கேஸ் ஒண்ணு நம்ம பக்கத்துலயே இருக்கு. 2006-ல கிருஷ்ணா கோதாவரிப் படுகையில வாயு ஹைட்ரேட் எடுத்தாங்க. மீத்தேன் மாட்டின பனிக்கட்டி. கடலடி அழுத்தத்துலயும் குளிர்லயும் மட்டும்தான் அது திடமா இருக்கும். மேலே தூக்க தூக்கக் கரைஞ்சு வாயுவாயிடும். அதனால கீழேயே வாயை அடைச்சு, அதே அழுத்தத்தோட மேலே கொண்டு வர்ற கருவி இருக்கு. ஆழத்தையே டிபன் கேரியர்ல போட்டுக் கொண்டு வர்ற மாதிரி.

பக்கத்துத் துளை

எனக்கு மனசுல நின்ன விஷயம் இதுக்கப்புறம்தான் வருது.

ஆழ்கடல்ல ரொம்ப நாள் சுழலும் டிரில்தான் பயன்படுத்தினாங்க. பாறைக்கு அது சரி, மேல இருக்கிற மென்மையான படிவை அது கடைஞ்சுடும். அடுக்கடுக்கா இருந்த சேறு கலங்கலாகும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம். அடுக்கு கலைஞ்சா காலமே கலைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். 1979 வாக்குல ஹைட்ராலிக் பிஸ்டன் கருவி வந்துச்சு. குழாய்க்குள்ள தண்ணி அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போவாங்க, ஒரு கட்டத்துல ஊசிகள் உடையும், குழாய் சில நொடிகள்ல சேத்துக்குள்ள பாயும். ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல்ல ஒரு தடவைக்கு 9.5 மீட்டர்.

2014 நவம்பர்லேர்ந்து 2015 ஜனவரி வரைக்கும் அந்தக் கப்பல் நம்ம வங்காள விரிகுடாவுல துளை போட்டுச்சு. நம்ம பருவமழை பழைய காலத்துல எப்படி இருந்துச்சுன்னு அந்தச் சேத்துலேர்ந்து படிக்கறதுக்காக. இந்தியப் பெருங்கடல்ல எடுத்த சாம்பிள்கள் எல்லாம் பத்திரமா இருக்கிற இடம் கொச்சி. நம்ம கொச்சி இல்ல, ஜப்பான்ல ஒரு கொச்சி.

இப்ப கவனிங்க. 9.5 மீட்டர் சாம்பிள் முழுசா வந்தாலும், அதுக்கும் அடுத்த சாம்பிளுக்கும் நடுவுல கொஞ்சம் மண்ணு தவறிப் போகும். இந்த இடைவெளியை எப்படி நிரப்புறாங்க தெரியுமா? பக்கத்துத் துளையிலேர்ந்து! ஒரே இடத்துல சில மீட்டர் தள்ளித் தள்ளி ரெண்டு, மூணு துளை போடுவாங்க. ஆழத்தைக் கொஞ்சம் மாத்தி மாத்தி எடுப்பாங்க, ஒண்ணோட இடைவெளி இன்னொண்ணோட நடுவுல வர்ற மாதிரி. அப்புறம் மண்ணோட காந்தப் பண்பு, நிறம் இதையெல்லாம் அளந்து, ரெண்டு துளையோட வரிகளும் எங்க ஒத்துப் போகுதுன்னு பார்த்து, அந்த இடத்துல ஒட்டுவாங்க. எந்தத் துண்டு எந்தத் துளையிலேர்ந்து வந்துச்சுன்னு பதிவு இருக்கும்.

இதைப் படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் செஞ்சதும் பக்கத்துத் துளையிலேர்ந்து எடுத்து நிரப்பினதுதானே? செயல் ஒண்ணுதான். அவங்க ஒத்துப் போகுதான்னு அளந்துட்டு ஒட்டினாங்க, ஒட்டினதை எழுதியும் வெச்சாங்க. நான் அளக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. இன்னும் சொல்லப்போனா என்கிட்ட ஆதாரமே இருந்துச்சு, ஒத்துப் போகலைங்கறதுக்கு. கம்பி தானா இறங்கினதை என் கண்ணால பார்த்தேன். டியூப் மூணு தடவை காலியா வந்துச்சு. பாதி வால்வோட தப்பு, பாதி மண்ணோட குணம். அந்த மண்ணைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச உண்மையான தகவல் அதுதான். அதை அழிச்சிட்டு வேற ஒரு எண்ணை எழுதியிருந்தேன்.

காலிக் கட்டம்

ரெண்டு வருஷம் முன்னாடி, ஆபீஸ்ல ஒரு கோடைப் பார்த்துக்கிட்டிருந்தேன். மருந்து ஏத்திக்கிட்டுப் போற குளிர்பெட்டி வண்டிகளோட வெப்பநிலை, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சென்சார்லேர்ந்து வரும். சிக்னல் இல்லாத இடத்துல வராது. வராத இடத்துல ஒரு வரி இருந்துச்சு: கடைசியா வந்த மதிப்பையே போட்டு நிரப்பு. டாஷ்போர்டுல கோடு அறுந்தா பார்க்க நல்லா இல்லைங்கறதுதான் காரணம். நாப்பது நிமிஷம் சத்தமே இல்லாத வண்டி, திரையில நாப்பது நிமிஷமும் நாலு டிகிரியில சுகமா இருந்துச்சு.

அந்த வரியை எழுதினது யாருன்னு பார்த்தேன். நான்தான். சேர்ந்த புதுசுல எழுதியிருக்கேன்.

அங்கேயே உக்காந்திருந்தேன் கொஞ்ச நேரம். அப்புறம் அதை மாத்தினேன். பெரிய மாற்றம் ஒண்ணும் இல்ல. ஒரு நெடுவரிசை கூடுதல், இது அளந்ததா, நிரப்பினதா. நிரப்பினது திரையில சாம்பல் நிறத்துல வரும். ரிவ்யூல ஒருத்தங்க கேட்டாங்க, "கஸ்டமர் பார்த்தா ஓட்டை ஓட்டையாத் தெரியுமே?" ஆமா, தெரியும். ஓட்டை இருக்கு, அதனால தெரியுது.

நான் சிவிலைப் பத்திப் பேசாம இருந்ததுக்குக் காரணம் இதுதான். பேசினா இந்தக் கதையைச் சொல்லணும். சொன்னா அந்த "4"-ஐயும் சொல்லணும். அந்தக் கட்டடம் பைல் மேல நிக்குது. அதுக்கு என் நேர்மை காரணம் இல்ல. காசில்லாம ஒரு துளை போட்ட ஒரு மனுஷன் காரணம். அவர் பேர் எந்த அறிக்கையிலயும் இல்ல. டிரில்லர் பேருக்கு அந்தத் தாள்ல கட்டமே கிடையாது.

வீடு கட்டப் போறீங்கன்னா, இல்ல அப்பா அம்மா கட்டப் போறாங்கன்னா, மண் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் பாருங்க. எல்லாக் கட்டத்துலயும் அழகா எண் இருந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: எந்த ஆழத்துலயாவது சாம்பிள் வரலையா? வரலேன்னு எழுதியிருந்தா பயப்படாதீங்க, அந்த ஆள் உங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்கார். அடுத்து என்ன செஞ்சாங்கன்னு மட்டும் கேளுங்க.

இன்னிக்கு இவ்வளவுதான் மக்களே. நீங்க உங்க வேலையில நிரப்பின காலிக் கட்டம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. பேர் சொல்ல மாட்டேன், சத்தியமா. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.